துயர்துடைப்பு நிதி மேலாண்மை

துயர்துடைப்பு நிதி மேலாண்மை என்பது பேரிடர் அல்லது பெருந்துயர நிகழ்வு ஒன்றால் பாதிக்கப்பட்ட மக்கள் மீண்டெழுவதற்காகத் திரட்டப்படும் கொடைப்பணத்தைப் பெறுதல், பாதுகாத்தல், உரியவர்களுக்குப் பகிர்ந்தளித்தல், கணக்கு ஒப்புவித்தல் ஆகிய பணிகளைக் குறிக்கும். புயல், ஆழிப்பேரலை, வெள்ளம் போன்ற இயற்கைச் சீற்றங்களுக்குப் பின்னரும், விபத்து, துப்பாக்கிச் சூடு போன்ற மனிதச் செயல்களால் நேரும் துயரங்களுக்குப் பின்னரும் இத்தகைய நிதிகள் உருவாகின்றன. பணம் பொதுவாகச் சில நாட்களிலேயே திரண்டுவிடுகிறது. அதை யாருக்கு, எப்போது, எவ்வளவு, யார் பெயரில் கொடுப்பது என்பதே கடினமான பகுதியாகும். இக்கட்டுரை தமிழ்நாட்டின் தூத்துக்குடித் துறைமுகத்தையும் அதைச் சார்ந்த முத்துக்குளித்துறைக் கடற்கரையையும் முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்குகிறது.

பின்புலம்

மன்னார் வளைகுடாவின் மேற்குக் கரை பழங்காலம் முதல் முத்துக்குளித்தலுக்குப் பெயர்பெற்றது. வேம்பார், தூத்துக்குடி, புன்னைக்காயல், காயல்பட்டினம், வீரபாண்டியன்பட்டினம், திருச்செந்தூர், மணப்பாடு முதலிய ஊர்கள் இக்கரையில் அமைந்துள்ளன. முத்துச்சிப்பி வளம் குன்றியதால், 1961 ஆம் ஆண்டுக்குப் பின்னர் இங்கு பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. சங்குகுளித்தல், நாட்டுப்படகு மீன்பிடிப்பு, விசைப்படகு மீன்பிடிப்பு, உப்பளத் தொழில், துறைமுகத் தொழில் ஆகியவை இன்றைய முக்கிய வாழ்வாதாரங்களாகும். 1974 இல் திறக்கப்பட்ட தூத்துக்குடிப் புதிய துறைமுகம் 2011 முதல் வ. உ. சிதம்பரனார் துறைமுகம் என அழைக்கப்படுகிறது.

இத்தொழில்களுக்குப் பொதுவான சில இயல்புகள் உள்ளன. வருமானம் நாள்தோறும் மாறுகிறது. தொழிற்கருவிக்கு உரிமையாளர் ஒருவர், உழைப்பவர் வேறொருவர் என்பது வழக்கம். வணிகரிடமிருந்து முன்பணம் பெற்றுத் தொழில் செய்வோர் பலர். மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை இருப்பதில்லை. மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. ஆகவே ஒரு பேரிடரின்போது, சேதமடைந்த பொருளை மட்டும் கொண்டு இழப்பை அளவிட்டால் உண்மையான இழப்பின் பெரும்பகுதி கணக்கில் வராமல் போய்விடும்.

வரலாறு

இக்கரையில் துயர்துடைப்புப் பணிக்கு நீண்ட வரலாறு உண்டு. 1544 ஆம் ஆண்டு வடுகர் படையெடுப்பால் கன்னியாகுமரிப் பகுதிப் பரதவர் கடற்பாறைகளில் தஞ்சம் புகுந்து உணவும் நீருமின்றித் தவித்தனர். அவர்களுக்கு உதவ இயேசு சபைத் துறவியான பிரான்சிஸ் சவேரியார் மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளுடன் புறப்பட்டதை அவருடைய கடிதங்கள் வழியே அறிகிறோம். அதே ஆண்டில் தூத்துக்குடி மக்கள் அருகிலிருந்த தீவுகளுக்கு ஓடியபோது, அவர்களை மீட்கத் தோணிகளை அனுப்புமாறு அவர் தம் உதவியாளரைக் கேட்டுக்கொண்டார்.

பேரிடர் நேரும் முன்னரே பொதுநிதியைச் சேர்த்துவைக்கும் வழக்கமும் தென்தமிழகத்தில் இருந்துவந்துள்ளது. நாடார் வணிகர்களின் உறவின்முறைகள், வணிகப் பரிமாற்றத்தில் ஒரு சிறு பகுதியை மகமை என்ற பெயரில் திரட்டிக் கோயில், பள்ளி, பொதுநலப் பணிகளுக்குப் பயன்படுத்தின. கடற்கரை ஊர்களில் மீன்பாட்டின் ஒரு பகுதியைக் கோயிலுக்கும் ஊர்ப் பொதுச் செலவுக்கும் ஒதுக்குவது உண்டு. சில ஊர்களில் இது தெறிப்பு எனப்படுகிறது. இவ்வகை நிதிகளில் கொடுப்பவரும் பெறுபவரும் ஒரே சமூகத்தினர். எனவே கணக்கை ஊர்க்கூட்டத்தில் கேட்கும் உரிமை இயல்பாகவே அமைந்திருந்தது. வெளியூர்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் கொடை வரும் தற்கால நிதிகளில் இந்நேரடித் தொடர்பு இல்லை. அக்குறையை ஈடுசெய்வதற்காகவே எழுத்துமூல விதிகளும் தணிக்கையும் தேவைப்படுகின்றன.

நிதிகளின் வகைகள்

துயர்துடைப்புக்குப் பயன்படும் பணம் பல வழிகளில் வருகிறது. அவற்றின் விதிகள் வேறுபடுவதால் ஒன்றை மற்றொன்றாகக் கருதுதல் கூடாது.

அரசின் பேரிடர் நிதி: 2005 ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்படி ஒவ்வொரு மாநிலத்திலும் மாநிலப் பேரிடர் நிவாரண நிதி அமைக்கப்பட்டுள்ளது. தமிழ்நாடு போன்ற மாநிலங்களில் இதன் 75 விழுக்காட்டை ஒன்றிய அரசும் 25 விழுக்காட்டை மாநில அரசும் வழங்குகின்றன. இது வரிப்பணம், கொடை அன்று.

பிரதமர், முதலமைச்சர் பெயரிலான நிதிகள்: பிரதமரின் தேசிய நிவாரண நிதி, பிரிவினையால் இடம்பெயர்ந்தோருக்கு உதவ 1948 சனவரியில் தொடங்கப்பட்டது. இது முழுவதும் பொதுமக்களின் கொடையால் இயங்குவது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் பொது நிவாரண நிதி உள்ளது. 2020 இல் பிஎம் கேர்ஸ் நிதி தனி அறக்கட்டளையாகத் தொடங்கப்பட்டது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் இதற்குப் பொருந்துமா என்பது நீதிமன்றம் வரை சென்ற வினாவாகும்.

தன்னார்வ அமைப்புகளின் நிதிகள்: அறக்கட்டளைகள், சங்கங்கள், சமய அமைப்புகள் திரட்டுபவை. தமிழ்நாட்டில் சங்கங்கள் 1975 ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்யப்படுகின்றன. வெளிநாட்டுக் கொடை பெறுவதற்கு வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் ஒப்புதல் வேண்டும். 1976 ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2010 ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. 2020 இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, வெளிநாட்டுக் கொடையை ஓர் அமைப்பு மற்றோர் அமைப்புக்கு மாற்றித்தர இயலாது. நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டலாகாது. பெரிய அமைப்பு பணத்தைப் பெற்றுச் சிற்றூர் அமைப்புகள் வழியாகச் செலவிடும் முறையை இத்திருத்தம் வெளிநாட்டுப் பணத்தைப் பொறுத்தவரை நிறுத்திவிட்டது.

சேமிப்பு நிதிகள்: பயனாளியே ஒரு பகுதியைச் செலுத்துபவை. மீனவர் சேமிப்பு மற்றும் நிவாரணத் திட்டம் இதற்கு எடுத்துக்காட்டாகும். மீனவர் சேமிக்கும் 1,500 ரூபாயுடன் ஒன்றிய, மாநில அரசுகளின் பங்காக 3,000 ரூபாய் சேர்த்து, மீன்பாடு குறைந்த மாதங்களில் 4,500 ரூபாயாகத் திருப்பித் தரும் முறையில் இது தமிழ்நாட்டில் நடத்தப்பட்டது.

பயனாளிகளைக் கண்டறிதல்

ஒரு நிதியின் நேர்மை பெரும்பாலும் பயனாளிகள் பட்டியலில் தீர்மானிக்கப்படுகிறது. பட்டியல் தயாரிக்க எளிய வழி, பதிவேடுகளைப் பின்பற்றுவது. படகுக்குப் பதிவு உண்டு. வீட்டுக்கு வரி ரசீது உண்டு. ஆனால் கூலிக்குக் கடலுக்குச் செல்பவர், தலைச்சுமையாக மீன் விற்கும் பெண், கருவாடு உலர்த்துபவர், உப்பளத்தில் நாட்கூலி பெறுபவர் ஆகியோரிடம் தாம் இழந்ததைக் காட்டும் ஆவணம் எதுவும் இருப்பதில்லை.

கற்பனையான ஒரு கணக்கைக் கொண்டு இதை விளக்கலாம். ஐந்து தொழிலாளர் செல்லும் வள்ளம் ஒன்று ஒரு நாளில் 10,000 ரூபாய்க்கு மீன் பிடிக்கிறது எனக் கொள்வோம். எரிபொருள், பனிக்கட்டி முதலிய செலவு 4,000 ரூபாய் போக 6,000 ரூபாய் மிஞ்சும். அதில் பாதி உரிமையாளருக்கும் மறுபாதி தொழிலாளர்களுக்கும் எனப் பங்கு பிரித்தால், உரிமையாளருக்கு 3,000 ரூபாயும் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் 600 ரூபாயும் கிடைக்கும். வள்ளம் சேதமடைந்து 50 நாட்கள் தொழில் நின்றால் உரிமையாளர் இழக்கும் வருமானம் 1,50,000 ரூபாய். தொழிலாளர் ஐவரும் சேர்ந்து இழப்பதும் அதே 1,50,000 ரூபாய்தான். வள்ளத்தின் பதிவுச் சான்றை மட்டும் பார்க்கும் நிதி, உரிமையாளருக்கு வள்ளத்தின் விலையைக் கொடுத்துவிட்டுக் கோப்பை மூடிவிடும். தொழிலாளர்களின் இழப்பு அதன் பதிவேட்டில் ஏறுவதே இல்லை. கரையில் அந்த மீனை ஏலத்தில் எடுத்து விற்கும் பெண்களின் இழப்பும் அவ்வாறே விடுபடும்.

இதனைத் தவிர்க்க, தொழிலின் முழுச் சங்கிலியையும் எழுதிக்கொண்டு ஒவ்வொரு கண்ணியிலும் இருப்பவர்களை ஊர் மக்களைக் கொண்டே அடையாளம் காணும் முறை பின்பற்றப்படுகிறது. வரைவுப் பட்டியல் பொதுவிடத்தில் ஒட்டப்பட்டு, வாசிக்கப்பட்டு, மறுப்புத் தெரிவிக்கக் காலம் தரப்படும். ஊர்க் கமிட்டியை மட்டும் நம்புவதிலும் இடர் உண்டு. கமிட்டியில் பெரும்பாலும் ஆண்களும் படகு உரிமையாளர்களும் இருப்பதால், தனித்து வாழும் பெண்கள், கைம்பெண்கள், வேறு சாதியினர், வெளியூரிலிருந்து வந்து வேலை செய்வோர் ஆகியோர் விடுபடக்கூடும்.

2004 ஆழிப்பேரலை

2004 திசம்பர் 26 அன்று ஏற்பட்ட ஆழிப்பேரலையில் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேர் உயிரிழந்தனர். இவர்களுள் 6,000 பேருக்கு மேல் அப்போதைய நாகப்பட்டினம் மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். தூத்துக்குடி மாவட்டத்தில் அரசுக் கணக்கின்படி உயிரிழந்தோர் 3 பேர். இலங்கைத் தீவு அலையின் வேகத்தை மறித்தது இதற்கு முக்கியக் காரணமாகும். எனினும் படகும் வலையும் சேதமடைந்தன. கடலுக்குச் செல்லும் அச்சத்தாலும் மீன் வாங்குவோர் குறைந்ததாலும் தொழில் முடங்கியது. உயிரிழப்பு எண்ணிக்கையை அளவுகோலாகக் கொண்டால் இத்தகைய மாவட்டத்தின் தேவை கண்ணில் படாது என்பது இங்கு கருதத்தக்கது. தூத்துக்குடி மறைமாவட்டத்தின் சமூக சேவை அமைப்பு உள்ளிட்ட தன்னார்வ அமைப்புகள் இக்கரையில் துயர்துடைப்புப் பணிகளில் ஈடுபட்டன.

உயிரிழந்தோரின் குடும்பங்களுக்கு மாநில அரசு 1 லட்சம் ரூபாயும் பிரதமரின் தேசிய நிவாரண நிதி 1 லட்சம் ரூபாயும் வழங்கின. மறுகட்டமைப்புக்கு உலக வங்கி 2005 இல் 46.5 கோடி அமெரிக்க டாலர் அளவிலான கடனுதவிக்கு ஒப்புதல் அளித்தது. தன்னார்வ அமைப்புகள் அரசுடன் உடன்படிக்கை செய்துகொண்டு வீடுகளைக் கட்டின. புதிய வீடுகளைக் கணவன், மனைவி இருவர் பெயரிலும் வழங்கவேண்டும் என்பது அரசின் கொள்கையாக இருந்தது. உதவி யார் பெயரில் செல்கிறது என்பதை விதியால் மாற்ற முடியும் என்பதற்கு இது சான்றாகும்.

அதே வேளையில் பல குறைகளும் பதிவாயின. வெளியிலிருந்து வந்த அமைப்புகளுக்குப் படகு கொடுப்பது எளிதாகத் தோன்றியது. படகு ஒளிப்படத்தில் தெரியும், எண்ணிக்கையாகக் காட்டலாம். இதன் விளைவாகச் சில பகுதிகளில் இழந்ததைவிடக் கூடுதலான கண்ணாடியிழைப் படகுகள் வந்து சேர்ந்தன. தரம் குறைந்த படகுகளும் அவற்றுள் இருந்தன. ஒரே ஊருக்குப் பல அமைப்புகள் சென்றதும், எட்டாத ஊர்களுக்கு எவரும் செல்லாததும் நிகழ்ந்தன. இதைச் சீர்செய்ய நாகப்பட்டினத்தில் மாவட்ட நிர்வாகத்தின் ஒத்துழைப்புடன் தன்னார்வ அமைப்புகளின் ஒருங்கிணைப்பு மையம் 2005 சனவரியில் இயங்கத் தொடங்கியது. எந்த ஊரில் எவர் என்ன செய்கிறார் என்ற தகவலைத் திரட்டி அனைவருக்கும் தந்ததே அதன் முதன்மைப் பணியாகும். பணம் எதையும் பகிராமலேயே, பணம் வீணாவதைக் குறைக்க முடியும் என்பதை இம்மையம் காட்டியது.

காணாமற்போனோர்

கடலில் நேரும் துயரத்தில் உடல் கிடைக்காமல் போவது வழக்கம். 1872 ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டப்படி, ஒருவரைப் பற்றி ஏழு ஆண்டுகள் எத்தகவலும் இல்லையெனில் அவர் இறந்துவிட்டதாகக் கொள்ளலாம். 2024 இல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் இவ்விதி தொடர்கிறது. ஆனால் மீனவர் குடும்பம் ஏழு ஆண்டுகள் காத்திருக்க இயலாது. இறப்புச் சான்று இல்லாமல் உதவித்தொகை, காப்பீடு, வங்கிக் கணக்கு எதுவும் குடும்பத்தின் கைக்கு வராது.

2017 நவம்பர் 30 அன்று குமரிக்கடலில் வீசிய ஒக்கிப் புயலில் கன்னியாகுமரி மாவட்ட மீனவர் பலர் கடலில் காணாமற்போயினர். ஏழு ஆண்டு விதியைத் தளர்த்தி, விசாரணையின் அடிப்படையில் காணாமற்போனோரின் குடும்பங்களுக்கும் உதவித்தொகை வழங்க அரசு ஏற்பாடு செய்தது. தன்னார்வ நிதிகளுக்கு இத்தகைய சட்டத் தடை இல்லை. உடன் சென்றவர், ஊரார் ஆகியோரின் கூற்றை ஏற்று அவை முதல் வாரத்திலேயே உதவலாம். அரசு விதிகள் எட்டாத இடத்தை நிரப்புவது கொடைநிதியின் தனிச்சிறப்பான பயனாகக் கருதப்படுகிறது.

2023 பெருவெள்ளம்

2023 திசம்பர் 17, 18 நாட்களில் தென்மாவட்டங்களில் மிகப் பெரும் மழை பெய்தது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பதிவானது. தாமிரபரணியிலும் காட்டாறுகளிலும் வெள்ளம் பெருகி, திருவைகுண்டம், ஏரல், தூத்துக்குடி நகரம் முதலிய பகுதிகள் நீரில் மூழ்கின. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட தொடருந்து திருவைகுண்டத்தில் நின்றுபோக, நூற்றுக்கணக்கான பயணிகள் இரண்டு நாட்கள் வரை சிக்கிக்கொண்டனர். வயல்களும் வாழைத்தோட்டங்களும் உப்பளங்களும் பாதிக்கப்பட்டன.

கடுமையாகப் பாதிக்கப்பட்ட வட்டங்களில் குடும்பம் ஒன்றுக்கு 6,000 ரூபாய் நியாயவிலைக் கடைகள் வழியாக ரொக்கமாக வழங்கப்பட்டது. குடும்ப அட்டையை அடிப்படையாகக் கொண்டால் பட்டியல் ஏற்கெனவே கையில் இருப்பதால் பணம் விரைவில் சேரும். அட்டை இல்லாதோரும், வேறு ஊர் அட்டை வைத்திருப்போரும் விடுபடுவர் என்பது அதன் குறை. ஒரே தொகை என்பதால் வாசல்வரை நீர் வந்த வீட்டுக்கும் முழுவதும் இடிந்த வீட்டுக்கும் முதற்கட்ட உதவி ஒன்றாகவே அமையும். ஆதலால் முதலில் அனைவருக்கும் சமத்தொகை, பின்னர் இழப்புக்கேற்ற தொகை என இரு கட்டங்களாகப் பகிர்வது பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது.

உப்பளத் தொழிலாளர்களுக்கு மழைக்கால வேலையிழப்பு ஆண்டுதோறும் நிகழ்வது. 2022 முதல் தமிழ்நாடு அரசு அவர்களுக்கு மழைக்கால நிவாரணமாகக் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. பேரிடர் நேராத ஆண்டிலும் தொடரும் இவ்வகை உதவி, பயனாளிகள் பட்டியலை எப்போதும் புதுப்பித்து வைத்திருக்கவும் துணைபுரிகிறது.

கொடையும் இழப்பீடும்

கொடை என்பது பரிவின் பேரில் தரப்படுவது. இழப்பீடு என்பது பொறுப்பின் பேரில் தரவேண்டியது. இவ்விரண்டையும் வேறுபடுத்துவது மனிதச் செயலால் நேரும் துயரங்களில் இன்றியமையாதது. 2018 மே 22 அன்று தாமிர உருக்காலைக்கு எதிரான போராட்டத்தின்போது தூத்துக்குடியில் நடந்த துப்பாக்கிச் சூட்டிலும் அதைத் தொடர்ந்த நிகழ்வுகளிலும் 13 பேர் உயிரிழந்தனர். அவர்களின் குடும்பங்களுக்கு அரசு அறிவித்த உதவித்தொகை 10 லட்சம் ரூபாயிலிருந்து 20 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. நிகழ்வை விசாரித்த நீதியரசர் அருணா செகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. உதவித்தொகை வழங்கப்பட்ட பின்னரும் பொறுப்பு யாருடையது என்ற கேள்வி ஆணையத்திலும் நீதிமன்றத்திலும் தொடர்ந்தது.

ஆகையால் கொடைநிதியிலிருந்து உதவி பெறுபவரிடம் வழக்குத் தொடுக்கும் உரிமையைக் கைவிடுவதாக எழுதி வாங்குதல் முறையற்றதாகக் கருதப்படுகிறது. பிற வழிகளில் பெறும் இழப்பீட்டைக் காட்டி உதவியைக் குறைப்பதா என்பதை நிதி தொடங்கும்போதே அறிவித்துவிடுவது நல்லது.

பிற நாடுகளில்

1966 அக்டோபர் 21 அன்று வேல்சு நாட்டின் அபர்ஃபான் சிற்றூரில் நிலக்கரிச் சுரங்கக் கழிவுமேடு சரிந்து பள்ளியின் மீது விழுந்ததில் 116 சிறுவர்கள் உட்பட 144 பேர் இறந்தனர். பொதுமக்கள் கொடுத்த பணம் 17.5 லட்சம் பவுண்டுகளாகத் திரண்டது. உதவி வழங்கும் முன்னர், பெற்றோர் தம் பிள்ளைகளோடு எவ்வளவு நெருக்கமாக இருந்தனர் என்பதை ஆராயலாம் என அறக்கொடை ஆணையம் கருத்துத் தெரிவித்தது. இது பின்னர் கடுமையாகக் கண்டிக்கப்பட்டது. எஞ்சிய கழிவுமேடுகளை அகற்றும் செலவுக்காக நிதியிலிருந்தே 1,50,000 பவுண்டுகள் எடுக்கப்பட்டன. சுரங்க நிறுவனமும் அரசும் ஏற்கவேண்டிய செலவைத் துயருற்றவர்களின் பணத்தில் செய்தது பெரும் அநீதியாகப் பார்க்கப்பட்டது. அத்தொகை 1997 இல்தான் வட்டியின்றித் திருப்பித் தரப்பட்டது.

தூத்துக்குடிக்கு எதிர்க்கரையில் உள்ள இலங்கையில், ஆழிப்பேரலை உதவியைப் பகிர்ந்தளிப்பதற்காக அரசும் விடுதலைப் புலிகளும் 2005 சூன் மாதம் ஒரு பொதுக் கட்டமைப்பு உடன்பாட்டில் கையொப்பமிட்டன. அதன் வட்டார நிதி உள்ளிட்ட சில பகுதிகளுக்கு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அடுத்த மாதமே இடைக்காலத் தடை விதித்தது, கட்டமைப்பு செயற்படவில்லை. நிதியை யார் நிர்வகிப்பது என்பதில் இணக்கம் இல்லையெனில், அதற்கான ஏற்பாடே தொடக்கத்தில் நின்றுவிடும் என்பதற்கு இது எடுத்துக்காட்டாகும்.

மேலாண்மை நடைமுறைகள்

மேற்கண்ட நிகழ்வுகளிலிருந்து பின்வரும் நடைமுறைகளைத் தொகுத்துக் கூறலாம்.

நோக்கம்: யாருக்காக, எதற்காகப் பணம் திரட்டப்படுகிறது என்பதை வேண்டுகோளிலேயே தெளிவாக எழுதவேண்டும். மிகக் குறுகிய நோக்கம் பின்னர் கையைக் கட்டும். மிக விரிந்த நோக்கம் ஐயத்துக்கு இடமளிக்கும்.

தனிக்கணக்கு: பணம் தனிநபர் கணக்கில் சேராமல், குறைந்தது இருவர் கையொப்பமிட்டு எடுக்கும் தனி வங்கிக் கணக்கில் சேரவேண்டும். ஒவ்வொரு கொடைக்கும் பற்றுச்சீட்டு தரப்படவேண்டும்.

பொறுப்பாளர் குழு: பாதிக்கப்பட்டோரின் சார்பாளர், பெண்கள், கணக்கறிந்தவர், தொடர்பற்ற வெளியார் ஆகியோர் குழுவில் இடம்பெறவேண்டும். தமக்கோ உறவினருக்கோ உதவி முடிவாகும்போது உறுப்பினர் விலகியிருக்கவேண்டும்.

கட்டங்கள்: உணவு, உடனடிச் செலவுக்கான ரொக்கம், தொழில் மீட்பு, குழந்தைகளின் கல்வி போன்ற நீண்டகாலத் தேவை எனப் பணத்தைப் பிரித்து ஒதுக்கவேண்டும். முதல் மாதத்திலேயே முழுவதையும் செலவிட்டால், ஊடகங்களின் கவனம் விலகிய பின்னர் எழும் தேவைகளுக்குப் பணம் இராது.

கணக்கு: வரவு, செலவு, இருப்பு ஆகியவற்றைக் கொடையாளர்க்கு மட்டுமின்றிப் பயனாளிகளுக்கும் அவர்கள் மொழியில் வெளியிடவேண்டும். பயனாளியின் தனிப்பட்ட துயரமோ ஒளிப்படமோ அவர் இசைவின்றி விளம்பரமாக்கப்படலாகாது.

நிறைவு: நிதியை எப்போது முடிப்பது, எஞ்சிய பணத்தை என்ன செய்வது என்பதை முன்கூட்டியே முடிவு செய்யவேண்டும். பொது அறநிதியின் தொடக்க நோக்கத்தை இனி நிறைவேற்ற இயலாதபோது, அதற்கு மிக நெருங்கிய வேறொரு நோக்கத்துக்குப் பணத்தைப் பயன்படுத்த நீதிமன்றம் வழிவகுக்கலாம். இந்தியாவில் 1908 ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92 ஆம் பிரிவு இதற்கு இடமளிக்கிறது.

இவற்றையும் பார்க்க

முத்துக்குளித்துறை
2004 இந்தியப் பெருங்கடல் ஆழிப்பேரலை
ஒக்கிப் புயல்
மகமை
பேரிடர் மேலாண்மை